அழுத்தம் விழும் அசைகள் முதலில்

அக்காவின் குரல்வளையை எடுத்துவிடுவார்கள் என்பது உறுதியான அன்று, பேருந்தில் வீடு திரும்பும்போது அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்க ஆபீஸ் மாடியில ஒரு பேசுற பெட்டி இருக்குன்னு சொல்லுவியே. அது இத்தாலியன் பேசுமா?"

நான் காது பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இயற்பியல் படித்தவள். சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, காதுக்குள் ஒலி அனுப்பி, கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி, வரைபடம் எடுப்பது என் வேலை. அவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை. அதே கட்டடத்தின் மாடியில், குரல் போனவர்களுக்குப் பேசும் பெட்டி அமைத்துக் கொடுப்பவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் பெட்டிக்காரர். அவருடைய பெட்டி உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, சாம்பல் நிறம். படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைச் சொல்லும். எழுத்தைத் தட்டினால் படிக்கும்.

அக்காவின் கணவர் இத்தாலிக்காரர், கப்பலில் மின்பழுது பார்ப்பவர். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். அக்கா அவர் மொழியை அவரைவிட வேகமாகப் பேசுவாள். அவர்களுடைய மகளுக்கு ஐந்தரை வயது. சிட்டு என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். அக்கா சிட்டுவைத் திட்டுவது தமிழில், கொஞ்சுவது இத்தாலியனில். தூங்க வைப்பது, நகம் வெட்டும்போது கதை சொல்வது, காய்ச்சலில் நெற்றியில் கை வைத்துப் பேசுவது எல்லாம் அந்த மொழியில்தான்.

"தமிழும் சேர்த்து எடுத்துடலாமே," என்றேன்.

"ஆபரேஷனுக்கு இருக்கிறது மூணு வாரம். திட்டுறதுக்குக் குரல் எதுக்குடி? முறைச்சாலே போதும். உனக்கும் அதே போதும். பொறந்ததுலேர்ந்து நீ என் முறைப்புக்குத்தானே பயப்படுறே." அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கொஞ்சணும்னாதான் குரல் வேணும். அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது. எழுதிக் காட்டக்கூட முடியாது."

மறுநாளே பெட்டிக்காரரைப் பார்த்தோம். மேசை முழுக்கத் திருகாணிகள். இரண்டு வழி இருக்கிறது என்றார்.

"புது முறைங்க. ஒரு மணி நேரம் பேசிக் குடுத்தீங்கன்னா போதும். மிச்சத்தை உங்க குரல் எப்படிச் சொல்லும்னு அதுவே ஊகிச்சுப் பேசிக்கும். தத்ரூபமா இருக்கும்."

"நான் வாயைத் திறந்து சொல்லாததை என் குரல்ல அது சொல்லுமா?"

"ஆமாங்க."

"பேய் பிடிச்ச மாதிரி இருக்குங்க. வேணாம்."

இன்னொன்று பழைய முறை. சொற்களை அசை அசையாக வெட்டி, ஒவ்வோர் அசையையும் பேசிப் பதிவு செய்து பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். பெட்டி அவற்றைக் கோத்துச் சொல்லாக்கும். ஒவ்வோர் அசையும் இரண்டு விதமாக வேண்டும்: அழுத்தம் விழும்போது ஒன்று, விழாதபோது ஒன்று. இத்தாலியனில் ஒரு சொல்லுக்கு ஓர் இடத்தில்தான் அழுத்தம் விழும். அந்த அசை மட்டும் மேலெழும், நீளும். மற்றவை அதன் நிழலில் நிற்கும்.

"இத்தாலியனுக்கு என்கிட்ட பட்டியல் கிடையாது," என்றார் பெட்டிக்காரர். "யாராவது வெட்டிக் குடுத்தா போட்டுத் தர்றேன்."

"என் தங்கச்சி வெட்டுவா," என்றாள் அக்கா. "அவளுக்குப் பேசத்தான் வராது. வெட்ட நல்லா வரும்."

அன்று மாலையே சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். ஒரு நாளில் சிட்டுவிடம் என்னென்ன சொல்கிறாள் என்று அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வா, தூங்கு, கண்ணே, செருப்பைப் போடு, மேசை, பூனை, சன்னல், நட்சத்திரம், நாளைக்கு. எண்ணூறு சொற்கள் வந்தன. பிறகு ஒவ்வொன்றையும் விரலால் மேசையில் தட்டி வெட்டினோம்.

பூனை எளிது. காத்-தோ. இரட்டை மெய் வந்தால் நடுவில் வெட்டு. மேசைக்குத் தா-வொ-லோ. முதல் அசையில் அழுத்தம். நாளைக்குத் தொ-மா-னி. கடைசிக்கு முந்தியதில் அழுத்தம். பெரும்பாலான சொற்கள் இப்படித்தான். சன்னலில் நான் இடறினேன். ஃபி-னெஸ்-த்ரா என்று வெட்டினேன்.

"தமிழ் வெட்டு வெட்டுறே," என்றாள் அக்கா. "அந்த 'ஸ்' பின்னாடி வர்றவனோட ஒட்டிக்கும். ஃபி-னே-ஸ்த்ரா. தட்டிப் பாரு."

தட்டிப் பார்த்தேன்.

"பவூரா" என்ற சொல்லை இரண்டாக வெட்டியிருந்தேன். அச்சம், பயம் என்று பொருள். 'பயப்படாதே' என்பதற்காகப் பட்டியலில் இருந்தது.

"மூணு. ப-ஊ-ரா. இந்த 'ஊ' யாரோடயும் சேராது, தனியா நிக்கும். அழுத்தமும் அது மேலதான்." அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அந்தச் செருமல் முடிய நேரம் பிடித்தது. "எழுதிக்கோ."

எண்ணூறு சொற்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு அசைகள் இருந்தன. இரு விதமாக எடுத்தால் அறுநூற்று இருபத்து நான்கு.

எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்தவள் நான்தான். அழுத்தம் விழும் அசைகள் முதலில் என்றேன். கேட்பவர் காதில் அதிகம் விழுவது அவைதான். ஏதாவது தடங்கல் வந்தாலும் முக்கியமானவை கையில் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் எந்த அளவையும் மூன்று முறை எடுத்துப் பழகியவள் என்பதால், ஒவ்வோர் அசையையும் மூன்று முறை எடுத்து, இருப்பதில் நல்லதை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். தனியாக நிற்கும் உயிரெழுத்துகள் கட்டத்தின் கடைசியில் இருந்தன.

"சித்தியைப் பாத்தியா," என்றாள் அக்கா சிட்டுவிடம். "பரீட்சைக்குப் படிக்கிறா. பாவம், பரீட்சை எனக்கு."

எங்கள் நிலையத்தில் மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை யாரும் வரமாட்டார்கள். அக்கா கண்ணாடி அறைக்குள் உட்காருவாள். கனமான கதவைச் சாத்தியதும் அவள் உலகத்திலிருந்து கழன்றுவிட்டது போல் இருக்கும். நான் வெளியே இருந்து விரலைக் காட்டினால் அசையைச் சொல்வாள். என் பக்கத்துக் கருவியில் முள் துள்ளும். இரண்டு விரல், மூன்று விரல். அடுத்தது.

முதல் நாள் அவள் குரலின் சுருதி இருநூற்றுப் பதினான்கு. வினாடிக்கு இத்தனை அதிர்வு என்று கணக்கு. குறித்துவைத்தேன். ஆறாம் நாளும் இருநூற்று ஒன்பதுக்குக் குறையவில்லை. அழுத்தம் விழும் அசைகள் முழுவதும் முடிந்தன. எல்லாம் தெளிவாக, மணி மாதிரி இருந்தன. அன்று திரும்பி வரும்போது அக்கா சிட்டுவுக்குப் பலூன் வாங்கினாள்.

ஏழாம் நாள் அழுத்தம் விழாத அசைகளைத் தொடங்கினோம். நூற்றுத் தொண்ணூற்று இரண்டு என்று காட்டியது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. அழுத்தம் விழாத அசை இயல்பாகவே தணிந்துதான் ஒலிக்கும். எட்டாம் நாள் நூற்று எண்பத்து மூன்று. ஒன்பதாம் நாள் நூற்று எழுபத்தொன்று. திரையில் ஒலி அலையின் ஓரங்கள் கிழிந்திருந்தன. தணிந்து பேசினால் ஓரம் சற்றுக் கிழியத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளுக்கு நாள் இறங்கிய கோடு, நம்பும்படி அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

"எப்படி வருது?" ஒலிவாங்கியில் அக்கா கேட்டாள். அன்று அவள் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்திருந்தாள்.

"நல்லா வருது."

கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படியா," என்றாள்.

பத்தாம் நாள் காலை மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். கடைசியாக எடுத்த படத்தைப் பார்த்தார்களாம். மூன்று வாரம் என்ற பேச்சு போய்விட்டது. அறுவை வருகிற வியாழக்கிழமை. அன்று திங்கள்.

அன்றும் செவ்வாயும், அதே மதிய நேரத்தில், மீதி அசைகளை ஒரே முறை சொல்ல வைத்து எடுத்தோம். மூன்று விரல் காட்டவில்லை. ஒரு விரல்தான். ஒரு அசைக்கு எவ்வளவு குறைந்த நேரம் பிடிக்கிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன். மனம் தானாகக் கணக்குப் போட்டது: ஆரம்பத்திலிருந்தே ஒரு முறை மட்டும் எடுத்திருந்தால், இரு விதமும் நான்கே நாளில் முடிந்திருக்கும். முள் இருநூற்றுப் பதினான்கில் நின்ற நாட்களிலேயே. நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை பெட்டி தயாராகிவிட்டது. சிட்டுவையும் மாடிக்கு அழைத்துப் போனோம். பெட்டிக்காரர் அவளைத் தன் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அவள் சிரித்தாள். அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சூரியன் படத்தைத் தொட்டாள். தினமும் விளக்கை அணைக்கும்போது அவள் சிட்டுவுக்குச் சொல்லும் சொல்: நாளைக்கு.

"தொமானி," என்றது பெட்டி.

சிட்டு சிரிப்பதை நிறுத்தினாள். நாற்காலியிலிருந்து இறங்கி வந்து பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மேசைக்கு அடியிலும் பார்த்தாள்.

"சித்தி, அம்மாவோட இன்னொருத்தங்க இருக்காங்க. யாரு அவங்க?"

அக்கா மறுபடி தொட்டாள். இப்போது எனக்கும் கேட்டது. 'தொ' ஒருத்தி. கரகரத்து, களைத்துப்போன ஒருத்தி. 'மா' என் அக்கா, பதினோரு நாளுக்கு முந்தைய அக்கா. 'னி' மறுபடியும் அந்த ஒருத்தி. சன்னலைத் தொட்டாள். நட்சத்திரத்தைத் தொட்டாள். எந்தச் சொல்லைத் தொட்டாலும் ஓர் இடத்தில் மட்டும் அக்கா தலைநீட்டினாள். அதற்குள் மற்றவள் வந்து வாயைப் பொத்திவிட்டாள்.

"அந்த ஆன்ட்டி அம்மாவைப் பேச விடமாட்டேங்கிறாங்க," என்றாள் சிட்டு.

பெட்டிக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒண்ணு செய்யலாங்க. அழுத்தம் விழாததை எல்லாம் தூக்கிட்டு, எல்லா இடத்துலயும் அழுத்தம் விழுறதையே போட்டுப் பாக்கலாம். எல்லாமே நல்ல குரலாயிடும்."

கணினியில் ஏதோ மாற்றினார். பத்து நிமிடம் பிடித்தது. அக்கா சூரியனைத் தொட்டாள்.

"தோ. மா. னீ."

மூன்றும் அக்காதான். மூன்றும் மணி மாதிரிதான். ஆனால் ஒவ்வோர் அசையும் அடி விழுந்தது போல் விழுந்தது. சிட்டு சட்டென்று நிமிர்ந்து நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலையேம்மா," என்றாள் தமிழில்.

அக்கா பெட்டியை மேசையில் வைத்தாள். அவளுடைய சொந்தக் குரல் அப்போது மூச்சுக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"மதியம் ரூம் காலியாத்தானே இருக்கும்?"

"இருக்கும்."

"அழுத்தம் விழுறதை மறுபடியும் எடு."

"இந்தக் குரல்லயா?"

"இதுவும் நான்தான்டி."

"அக்கா, பழசு பெட்டியை விட்டுப் போயிடும். அழுத்தம் விழுறதுக்கு ஒரே இடம்தான் இருக்கு."

"போகட்டும். ரெண்டு பேரா இருக்க வேணாம். ஒருத்தியா இருந்தா அவளுக்குப் பழகிடும்."

பழைய ஒலிகள் கணினியில் பத்திரமாக இருக்கும் என்றார் பெட்டிக்காரர், ஆறுதலுக்கு. அழுத்தம் மட்டுமே உள்ள முந்நூற்றுப் பன்னிரண்டு அசைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை.

எங்கள் மேலாளரிடம் போய், மதியம் முழுவதும் அறை வேண்டும் என்று கேட்டேன். அவரிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்காமல் சரி என்றார்.

ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினேன். அதே பட்டியல், அதே வரிசை. வரிசையை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு விரல் காட்டினேன். அக்கா சொன்னாள். முள் துள்ளியது. ஐம்பதாவது அசையில் நூற்று அறுபது. நூற்று இருபதாவதில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதை நிறுத்திவிட்டேன். துள்ளுகிறதா என்று மட்டும் பார்த்தேன். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழு உடம்பாலும் தள்ளி ஒவ்வோர் அசையையும் வெளியே அனுப்பினாள். கண்ணாடியில் அவள் மூச்சின் ஈரம் படிந்து மறைந்தது. இருநூறு. இருநூற்றைம்பது.

இருநூற்று எழுபத்து நான்கு முடிந்தது. அடுத்ததற்கு விரலைக் காட்டினேன். அக்கா வாயைத் திறந்தாள். முள் அசையவில்லை.

கருவியைத் தட்டிப் பார்த்தேன். இன்னொரு முறை காட்டினேன். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, முள் படுத்தே கிடந்தது. மூன்றாவது முறை காட்டினேன். அதன்பிறகு அவளே காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

முப்பத்தெட்டு மீதி இருந்தன.

கதவைத் திறந்து உள்ளே போனேன். அந்த அறையில் வெளிச் சத்தம் எதுவும் கேட்காது. நம் இரத்தம் ஓடுவதே கேட்கும். "அக்கா," என்றேன். "மூணு தடவை எடுக்காம இருந்திருந்தா எல்லாமே மொதல்லயே முடிஞ்சிருக்கும். எனக்குத் திங்கக்கிழமையே தெரியும். கோடு இறங்குறதும் தெரியும். நான்தான் சொல்லலை."

அவளால் பதில் பேச முடியாது. என்னை முறைத்தாள். சின்ன வயதில் அவளுடைய பேனாவின் முனையை உடைத்தபோது முறைத்த அதே முறைப்பு. பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை அத்தான் துறைமுகத்திலிருந்து நேராக மருத்துவமனைக்கு வந்தார். அறுவை ஆறு மணி நேரம் நடந்தது. நான்கு வாரத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். கழுத்தின் அடியில் ஒரு துளை. அதன் மேல் வெள்ளைத் துணி. மூச்சு அதன் வழியாகத்தான். எடுத்த தசையின் ஓரம் புற்று இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும், திங்கட்கிழமை தெரியும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

புதிய ஒலிகள் ஏறிய பெட்டி சிட்டுவுக்குப் பழகிவிட்டது. அக்கா சொன்னபடியே, ஒருத்தியாக இருந்ததால் பழகியது. "எங்கம்மாவுக்கு ஜலதோஷம்," என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் சொன்னதைக் கேட்டேன். அக்கா சூரியனைத் தொடுவாள். கரகரத்த குரல் 'தொமானி' என்னும். சிட்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்த முப்பத்தெட்டைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. அவை பெட்டிக்குள் பழைய குரலிலேயே கிடந்தன. எந்தச் சொற்களில் வரும் என்று எனக்குத் தெரியும். பட்டியலின் கடைசிக் கட்டம்; அடிக்கடி சொல்லாத சொற்கள். அக்கா அவற்றைத் தொடாமல் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விட்டும்விட்டாள்.

அந்தத் திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை அத்தான் கடைக்குப் போயிருந்தார். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்து அடுக்கினேன். உள்ளறையிலிருந்து பெட்டியின் சத்தம் வந்தது. சிட்டு படங்களைத் தொட்டு விளையாடுகிறாள் என்று இருந்துவிட்டேன். பிறகுதான் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தேன்.

"பவூரா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "பவூரா."

'ப' கரகரத்தது. 'ரா' கரகரத்தது. நடுவில் தனியாக நிற்கும் அந்த 'ஊ' மட்டும் மணி மாதிரி இருந்தது. அளந்து பார்க்காமலே எனக்கு எண் தெரியும்.

அக்கா குழாயை மூடினாள். ஈரக் கையோடு போய் அறை வாசலில் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். சிட்டு தரையில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளால் முகத்தை மூடியிருக்கும் பொம்மைப் படத்தை விரலால் அழுத்திவிட்டு, காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்திருந்தாள்.

"அம்மா, இங்க வா," என்றாள் நிமிராமலே. "நீ இதுக்குள்ளதான் இருக்கே. கண்டுபிடிச்சுட்டேன். பயத்துக்குள்ள இருக்கே."

பெட்டி அவளிடம் இருந்தது. அக்காவிடம் ஒன்றும் இல்லை. கழுத்துத் துணி மட்டும் மூச்சுக்கு மூச்சு உப்பி அடங்கியது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முறைப்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் முறைக்கவில்லை.

சிட்டு மறுபடியும் அந்தப் படத்தை அழுத்தினாள்.